பெட்டகம் பொது, சாவி தனித்தனி: குடும்பக் கணக்கில் முதன்மைக் கடவுச்சொல்லை நாங்கள் கையாளும் முறை

எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் பூட்டிவைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைக் குடும்பத்துக்கென்று வாங்கலாம் என்று பேச்செடுத்தால், பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் யோசனை ஒன்றுதான்: ஒரே கணக்கைத் தொடங்கி, அதைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை எல்லோருக்கும் சொல்லிவிடுவது. எங்கள் வீட்டிலும் அப்பா அதைத்தான் சொன்னார். "ஒரே குடும்பம்தானேம்மா, ஆளுக்கொரு பாஸ்வேர்டு எதுக்கு? உன்கிட்ட மறைக்க எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த பாசம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அதற்கு நான் உடன்படவில்லை. அதன் காரணங்களையும், அதன்பின் எங்கள் ஆறு பேருக்கும் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டையும், அந்த ஏற்பாடு ஒரு நெருக்கடியில் எப்படிக் கைகொடுத்தது என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒரே கணக்கை ஆறு பேர் பயன்படுத்தினால், அந்த ஆறு பேரில் யார் மிக எளிதில் ஏமாறக்கூடியவரோ அவருடைய கவனத்தின் அளவுதான் மொத்தக் குடும்பத்தின் பாதுகாப்பும். ஒருவருடைய போன் தொலைந்தால் ஆறு பேருடைய கணக்குகளும் ஒரே நேரத்தில் ஆபத்துக்கு உள்ளாகின்றன. ஒருவர் நல்லெண்ணத்தோடு கடவுச்சொல்லை மாற்றினால், மற்ற ஐந்து பேரும் வெளியே நிற்க வேண்டியிருக்கும். அந்தப் புதிய சொல்லை அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் போடுவார், அது அங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தன்னைக் காவல்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டும் அழைப்புகள் முதியவர்களைக் குறிவைத்து வந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில், வீட்டின் அத்தனை கணக்குகளையும் திறக்கும் ஒரே சொல்லை எழுபது வயதைக் கடந்த ஒருவரின் மனத்தில் சுமத்துவது அவருக்கே நாம் செய்யும் அநீதி.

குடும்பத் திட்டம் என்பதன் அமைப்பே வேறு. நாங்கள் பயன்படுத்தும் பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜரின் குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் சேரலாம். இன்னொரு மேனேஜரான ஒன்பாஸ்வேர்டின் குடும்பத் திட்டம் ஐந்து பேருக்கானது. இரண்டிலுமே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனி முதன்மைக் கடவுச்சொல், கடவுச்சொற்களை வைக்க மற்றவர் பார்க்க முடியாத தனிப் பெட்டகம் ஆகியவை உண்டு. அவற்றுக்கு மேலாகக் குடும்பத்துக்கென ஒரு பொதுப் பகுதி இருக்கிறது. எதைப் பொதுப் பகுதியில் வைக்கிறோமோ அதை அனுமதி பெற்றவர்கள் அவரவர் கடவுச்சொல்லைக் கொண்டே திறந்து பார்க்கலாம். ஆகவே முதன்மைக் கடவுச்சொல்லை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டிய தேவை அன்றாட வாழ்வில் எழுவதே இல்லை.

தேவை எழுவது நோயிலும், மறதியிலும், மரணத்திலும்தான். மின்னஞ்சலுக்கோ முகநூலுக்கோ கடவுச்சொல்லை மறந்துவிட்டால், மீட்டெடுக்கும் வழியை அந்த நிறுவனமே வைத்திருக்கும். இங்கே அப்படி இல்லை. நாம் தட்டச்சு செய்யும் முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து நம்முடைய போனிலோ கணினியிலோதான் பெட்டகத்தைத் திறக்கும் சாவி கணக்கிடப்படுகிறது. கடவுச்சொல் நிறுவனத்தின் சர்வருக்குப் போவதே இல்லை என்பதால், அவர்களிடம் கெஞ்சினாலும் இறப்புச் சான்றிதழையே காட்டினாலும் அவர்களால் பெட்டகத்தைத் திறந்து தர முடியாது. இதைக் குறை என்று நான் கருதவில்லை. இந்தக் கருவியின் மதிப்பே இதில்தான் இருக்கிறது. ஆனால் இதன் பொருட்டு மாற்று வழியைக் குடும்பமே முன்கூட்டிச் செய்துவைத்தாக வேண்டும்.

கடவுச்சொல்லை எப்படி உருவாக்குவது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களைத் திருடர்கள் அள்ளிச் சென்றார்கள். நகல் அவர்கள் கைக்குப் போய்விட்டால் அதைக் காப்பது முதன்மைக் கடவுச்சொல்லின் வலிமை மட்டுமே. அதன்பிறகு நாம் கடவுச்சொல்லை மாற்றினாலும், திருடு போன நகல் பழைய சொல்லுக்கே திறக்கும். எனவே முதல் நாளிலேயே நீளமான, ஊகிக்க முடியாத சொல்லைத் தேர்ந்துவிட வேண்டும். பேரக்குழந்தையின் பெயரோடு பிறந்த ஆண்டு, வண்டி எண், வீட்டின் பெயர், எல்லோருக்கும் மனப்பாடமான முதல் குறள் ஆகியவை எல்லாம் இதற்கு உதவாதவை.

ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் என்பவர் 1995இல் வகுத்த ஒரு முறையில், பகடையை ஐந்து முறை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுக்க வேண்டும்; அப்படி ஐந்தாறு சொற்களைச் சேர்த்தால் கடவுச்சொல் தயார். அந்தப் பட்டியல் ஆங்கிலத்தில் இருப்பதால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது மனத்தில் நிற்கவில்லை. வீட்டில் இருந்த தமிழ்க் கையகராதியை எடுத்துக்கொண்டோம். பகடையை மூன்று முறை உருட்டினால் 216 பக்கங்களில் ஒன்று கிடைக்கும். இன்னும் இரண்டு முறை உருட்டினால் அந்தப் பக்கத்தின் முதல் 36 சொற்களில் ஒன்று கிடைக்கும். 216ஐ 36ஆல் பெருக்கினால் அதே 7,776. ஆறு சொற்கள் எடுத்து, அவற்றை ஆங்கில எழுத்தில் இடையே கோடிட்டுத் தட்டச்சு செய்வது என்று முடிவானது.

இதில் ஒரு சிக்கலை அம்மாதான் முதலில் கண்டார். ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக எழுதும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. 'வாழை'யை இன்று ஒரு 'ஏ' போட்டு எழுதுவோம், நாளை இரண்டு போடுவோம். ழகரத்துக்கு ஒருவர் ஒரு மாதிரி எழுத்துப் போடுவார், இன்னொருவர் வேறு மாதிரி போடுவார். கடவுச்சொல்லில் ஓர் எழுத்து பிசகினாலும் பெட்டகம் திறக்காது. அதனால் நெடிலோ, ழகர ளகரமோ வந்த சொற்களை ஒதுக்கிவிட்டு மறுபடியும் உருட்டினோம். 'குடம்', 'மரம்' போன்ற, எழுதுவதில் குழப்பம் வராத சொற்களாக ஆறு சேரும்வரை அவரவர் தனியே உட்கார்ந்து உருட்டினார்கள். பிடித்த சொல்லை நாமே பொறுக்கி எடுத்தால் இந்த முறையின் பயன் போய்விடும் என்பதால், குழப்பம் தராத சொல் எது விழுந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டுமா என்று என் கணவர் கேட்டார். வேண்டியதில்லை. காரணமின்றிக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றச் சொல்லக் கூடாது என்று அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே வழிகாட்டுதல் தந்துவிட்டது. வெளியே கசிந்தது என்ற ஐயம் எழுந்தால் உடனே மாற்ற வேண்டும். இல்லையென்றால் அதே சொல் நீடிக்கட்டும். முதியவர்களைப் பொறுத்தவரை தேவையற்ற மாற்றம் மறதிக்குத்தான் வழி செய்யும்.

மறதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விரல் ரேகை வைத்தால் செயலி திறந்துவிடுவதால், முதன்மைக் கடவுச்சொல்லை மாதக்கணக்கில் யாரும் தட்டச்சு செய்வதே இல்லை. புதிய போன் வாங்கும் அன்றைக்குத்தான் அது நினைவில் இல்லை என்பது தெரியவரும். எங்கள் வீட்டில் அனைவரும் வெள்ளிக்கிழமைதோறும் ஒருமுறை செயலியிலிருந்து முழுவதுமாக வெளியேறி, கடவுச்சொல்லைக் கையால் அடித்து உள்ளே வருகிறோம். அதற்கு முன்னால், கடவுச்சொல்லை எழுதி உறைக்குள் வைத்த தாள் (அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்) எட்டும் இடத்தில் இருப்பதை உறுதிசெய்துகொள்வது நல்லது. கடவுச்சொல் மறந்துபோய், ஆனால் ஏதோ ஒரு கருவியில் விரல் ரேகையால் பெட்டகம் இன்னும் திறக்கிறது என்றால், அந்தக் கருவியிலிருந்து எக்காரணம் கொண்டும் வெளியேறாதீர்கள். தாளோ, பின்னால் சொல்லப்போகும் அவசர அணுகலோ இல்லையென்றால், திறந்திருக்கும்போதே உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டு, பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் வழி.

இனித் தாள். கடவுச்சொல்லை எழுதவே கூடாது என்று பலர் சொல்லிப் பழகியிருக்கிறோம். முதன்மைக் கடவுச்சொல்லுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டு பீரோவுக்குள் ஒட்டிய உறையில் இருக்கும் தாளை எடுக்க ஒருவர் வீட்டுக்குள் வர வேண்டும். இணையத்தில் இருக்கும் திருடனால் அது முடியாது. போனில் எழுதிவைப்பதும், படமெடுத்துவைப்பதும்தான் ஆபத்து, ஏனெனில் அந்தப் படம் நம்மை அறியாமலே கிளவுடுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொருவரும் மின்னஞ்சல் முகவரி, முதன்மைக் கடவுச்சொல், இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்புக்கான (கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கப்படும் கூடுதல் குறியீடு) மீட்புக் குறியீடு ஆகிய மூன்றையும் தெளிவாக எழுதி, எழுதிய தேதியைப் போட்டு, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்திட்டிருக்கிறோம். அப்பா, அம்மாவின் உறைகள் தஞ்சாவூர் வீட்டில் ஒன்றும் கோயம்புத்தூரில் என்னிடம் ஒன்றுமாக இருக்கின்றன, எங்களுடையவையும் அப்படியே. வங்கி லாக்கரில் மட்டும் வைப்பது போதாது, ஏனென்றால் லாக்கர் வைத்திருப்பவர் இறந்துவிட்டால் அதைத் திறப்பதற்கே நடைமுறைகள் உண்டு.

மீட்புக் குறியீட்டைப் பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. அது இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பை நீக்குவதற்கு மட்டுமே. கடவுச்சொல்லே மறந்துபோனால் அதனால் ஒரு பயனும் இல்லை. அதைப்போலவே, மின்னஞ்சலின் கடவுச்சொல்லைப் பெட்டகத்துக்குள் மட்டும் வைப்பதும் ஆபத்தானது. இரண்டாம் அடுக்கு இல்லாத கணக்கில் புதிய கருவியிலிருந்து நுழைந்தால், 2025 முதல் பிட்வார்டன் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டை அனுப்பிக் கேட்கிறது. மின்னஞ்சலைத் திறக்கப் பெட்டகம் வேண்டும், பெட்டகத்தைத் திறக்க மின்னஞ்சல் வேண்டும் என்ற நிலையில் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியில்லை. மின்னஞ்சல் கடவுச்சொல்லும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

தாளுக்கு அடுத்தது அவசர அணுகல் என்ற வசதி. நம்பிக்கைக்குரிய ஒருவரை நாம் முன்கூட்டியே குறித்துவைக்கிறோம்; அவர் கோரிக்கை அனுப்பினால் நமக்கு மின்னஞ்சல் வரும்; நாம் மறுக்காவிட்டால், 1, 2, 7, 14, 30, 90 நாட்கள் என நாமே தேர்ந்த காத்திருப்புக் காலம் முடிந்ததும் அவருக்கு வழி திறக்கும். பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம், அல்லது கணக்கையே ஏற்றுக்கொண்டு புதிய முதன்மைக் கடவுச்சொல் வைக்க அனுமதிக்கலாம். அப்பா என்னைக் குறித்து, ஏற்றுக்கொள்ளும் அனுமதியையும் இரண்டு நாள் காத்திருப்பையும் தேர்ந்தார். அம்மா தம்பியைக் குறித்தார். கல்லூரியில் படிக்கும் என் மகள் பார்வையிடும் அனுமதியை மட்டும் தந்து 14 நாட்கள் வைத்தாள். பதினெட்டு வயதைக் கடந்த பெண்ணின் தனிப் பெட்டகத்துக்குள் எட்டிப் பார்ப்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்பதால், நான் அதைக் கேள்வி கேட்கவில்லை.

அப்பா ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சட்டைப் பையிலிருந்த போனும் உடைந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் அவருக்கு நினைவு தெளிவாக இல்லை. அந்த வயதில் அது வழக்கமானதுதான் என்று மருத்துவர் சொன்னார். மருத்துவமனையில் கேட்ட காப்பீட்டு எண், ஆதார் நகல், பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் பொதுப் பகுதியில் இருந்ததால், அவற்றுக்கு நாங்கள் அலையவில்லை. ஆனால் அவருடைய ஓய்வூதியத் தளத்தின் நுழைவும், வேறு சிலவும் அவருடைய தனிப் பெட்டகத்தில் இருந்தன. புதிய போனில் செயலியை நிறுவியபோது கடவுச்சொல் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. உறையைப் பிரித்தால், அதிலிருந்த சொல் வேலை செய்யவில்லை; இடையில் அவர் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார், தாள் மட்டும் பழையதாகவே இருந்தது.

நான் அவசர அணுகலுக்குக் கோரிக்கை அனுப்பினேன். இரண்டு நாள் கழிந்ததும் புதிய முதன்மைக் கடவுச்சொல் வைக்கச் சொல்லி என் கணக்கில் வழி திறந்தது. இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய சில விவரங்கள் உண்டு. கணக்கை ஏற்றுக்கொள்ளும்போது பழைய இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு தானாக நீங்கிவிடும். அதற்கான செயலியும் உடைந்த போனோடு போயிருந்ததால் எங்களுக்கு அது உதவியாகவே அமைந்தது. அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு, பிட்வார்டனில் அவர் உரிமையாளராக (குழுவை நிர்வகிப்பவராக) இல்லாத குடும்பக் குழுவிலிருந்து விலக்கப்பட்டுவிடும் என்பது இன்னொரு விவரம். பொதுப் பகுதியில் இருந்தவை குழுவுக்குச் சொந்தமானவை என்பதால் எதுவும் அழியவில்லை. அவரை மறுபடி அழைத்துச் சேர்த்தேன். சேர்ப்பதை உறுதிசெய்யும்போது திரையில் ஐந்து ஆங்கிலச் சொற்கள் தோன்றும். அவருடைய போனில் தெரியும் சொற்களோடு அவை ஒத்துப்போகின்றனவா என்று போனில் பேசிச் சரிபார்த்த பிறகே உறுதிசெய்ய வேண்டும்.

உடல் தேறியதும் அப்பா முதலில் செய்தது, பகடையை எடுத்துக்கொண்டு தனியே உட்கார்ந்து எனக்குத் தெரியாத புதிய சொல்லை வைத்துக்கொண்டதுதான். "நீ வச்ச பாஸ்வேர்டு உனக்கும் தெரியும்ல, அது சரியா வராதும்மா" என்று அவரே சொன்னார். பழைய தாளைக் கிழித்துப் போட்டுப் புதிய தாளை எழுதி, இரண்டு உறைகளையும் மாற்றினார். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, இரண்டு உறைகளும் மாறியபிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம்.

பொதுப் பகுதியில் என்ன வைக்கலாம் என்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு இருக்கும். நாங்கள் மின் இணைப்பு எண், சொத்து வரி எண், கேஸ், இணைய இணைப்பு, வைஃபை, காப்பீட்டு விவரங்கள் ஆகியவற்றை வைத்திருக்கிறோம். யூபிஐ பின்னும் ஏடிஎம் பின்னும் எங்கும் எழுதப்படுவதில்லை. வங்கியின் நெட்பேங்கிங் கடவுச்சொற்களும் பொதுப் பகுதிக்கு வருவதில்லை. கூட்டுக் கணக்கு என்றால் இருவரும் தனித்தனி நுழைவைப் பெறலாம், அதுதான் முறை. தானே பகிர்ந்த விவரங்களால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரையான இழப்பு வாடிக்கையாளருடையது என்று ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொன்னது. ஒருவர் இறந்தபின் அவருடைய கடவுச்சொல்லால் பணத்தை எடுப்பது தவறு. அதற்கு நியமனதாரர் (நாமினி) வழியாகத்தான் போக வேண்டும். 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நியமிக்கலாம் என்பதால் அதையும் இந்த வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்கள்.

நம் வீடுகளில் எல்லாக் கணக்குகளும் பெரும்பாலும் ஆணின் நினைவில்தான் இருக்கின்றன. அவர் போன பிறகு, மின்கட்டணம் எந்த எண்ணில் கட்டுவது என்பதுகூடத் தெரியாமல் நிற்கும் பெண்களை நான் உறவிலேயே பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு எதற்குத் தனிக் கணக்கு என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். இப்போது மின்கட்டணத்தையும் சொத்து வரியையும் அம்மாவே அவருடைய போனிலிருந்து கட்டுகிறார். அதே காரணத்தால் குடும்பக் குழுவுக்கு என்னோடு என் கணவரும் உரிமையாளராக இருக்கிறார். உரிமையாளர் ஒருவர் மட்டுமே என்றால், அவருக்கு ஏதாவது ஆகும்போது குழுவை நிர்வகிக்க ஆளில்லாமல் போகும்.

கடவுச்சொல் கையில் இருந்தும் பயனில்லாமல் போகும் இடம் சிம் கார்டு. ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ப்ரீபெய்டு எண்ணை 90 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதைத் துண்டித்துவிடலாம், பிறகு அது வேறு யாருக்காவது போகும். அப்பா படுக்கையில் இருந்த காலம் முழுவதும் அவருடைய எண்ணுக்குத் தம்பிதான் சிங்கப்பூரிலிருந்து ரீசார்ஜ் செய்தான்.

அப்பா அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர் என்பதால் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அந்த வாரத்திலேயே நாங்கள் உறைகளின் தேதியையும், அவசர அணுகலுக்குக் குறித்த பெயர்களையும், சந்தா கட்டும் அட்டையின் காலாவதியையும் சரிபார்க்கிறோம். பெட்டகத்தின் ஒரு நகலையும் கடவுச்சொல் பூட்டோடு பென்டிரைவில் இறக்கிக்கொள்கிறோம். பொதுப் பகுதியின் நகலைக் குழு உரிமையாளர் தனியே இறக்க வேண்டும், தனிப் பெட்டகத்தின் நகலில் அது சேராது. இந்த ஆண்டு மகளின் உறையில் இருந்த மீட்புக் குறியீடு பழையதாக இருந்தது. விடுதியிலிருந்து அடுத்த முறை வரும்போது அவளே புதிதாக எழுதி ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.